விடுபட்ட வரி

அஞ்சலட்டை வியாழக்கிழமை காலை வந்தது. சிவகாசி சாட்சி அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் செண்பகவல்லி, மற்ற கடிதங்களோடு அதையும் ஊர்வாரியாக அடுக்கப் போனவள், இரண்டாவது வரியைப் படித்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

'தாளில் சொன்னபடியே மருந்து கொடுத்தோம். பெரியவர்கள் பதினொரு பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைகள் மூன்று பேர் தூக்கத்திலேயே போய்விட்டார்கள். நாங்கள் எதைத் தப்பாகச் செய்தோம் என்று தயவுசெய்து சொல்லுங்கள். இப்படிக்கு, மாடத்தி, நர்ஸ், நல்லாங்குளம்.'

செண்பகவல்லி அலமாரியைத் திறந்து, ஏரிக்காய்ச்சல் மருந்துத் தாளுக்கான மூலக் கடிதத்தை எடுத்தாள். பாளையங்கோட்டை மருத்துவர் ஞானதிரவியம் தன் கையால் எழுதிய கடிதம். அதையும் அச்சான தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து வரி வரியாக இறங்கினாள்.

'காலையில் ஒரு வேளை எட்டுச் சொட்டு' என்று இரண்டிலும் இருந்தது. கடிதத்தில் அடுத்த வரி, 'குழந்தைகளுக்கு இதில் கால் பங்கு, அதாவது இரண்டு சொட்டு.' தாளில் அந்த வரி இல்லை. இரண்டு வரிகளும் 'சொட்டு' என்றே முடிந்தன. எழுத்துக் கோர்த்தவரின் கண் முதல் சொட்டிலிருந்து இரண்டாவது சொட்டுக்குத் தாவியிருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டியவள் செண்பகவல்லி. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும் என்பது அச்சகத்தின் சட்டம். அன்றைக்குப் படிக்கிறவர் ஒரு சாவுக்குப் போயிருந்தார். அவசரம் என்று அவள் தனியாகவே பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அவள் கண்ணும் அதே இடத்தில் தாவியிருந்தது.

அந்தத் தாள் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. நாலாயிரம் தாள், அறுபத்திரண்டு ஊர்.

கரையான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சனங்கள் அதற்கு அப்படித்தான் பெயர் வைத்தார்கள். யாரோ எழுதிவிட்ட ஒரு நிரல், உலகத்துக் கணினிகள் எல்லாவற்றிலும் புகுந்தது. எதையும் அழிக்கவில்லை. எண்களை மட்டும் அங்கங்கே மாற்றியது. ஐந்து எட்டானது. பன்னிரண்டு இருபத்தொன்றானது. அழித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மாற்றியதால், பாலம் இடிந்த பிறகும் நோயாளி செத்த பிறகும்தான் தெரிந்தது. எந்த எண் அசல், எது கரையான் போட்டது என்று சொல்ல ஆளில்லை. புத்தகத்தைத் தேடிப் போனால், ஆஸ்பத்திரிகள் காகிதத்தைக் கைவிட்டே ஒரு தலைமுறை ஆகியிருந்தது. புதிய நோய்களுக்கும், இப்போது ஊருக்கு ஊர் கையால் காய்ச்சி வடிக்கிற மருந்துகளுக்கும் எந்தப் பழைய புத்தகத்திலும் அளவு கிடையாது.

ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தவர் கடிதம் எழுத வேண்டும். கூட நின்று பார்த்தவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சாட்சி அச்சகம் ஈய எழுத்தில் கோர்த்து அடித்து, சைக்கிளில் ஊர் ஊராக அனுப்பும். அங்கே அதைப் பார்த்து எழுதி அடுத்த ஊருக்குக் கொடுப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு யோசனை சொன்னவர் மரியதங்கம் டீச்சர். கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்தியவர், செண்பகவல்லிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி.

அவள் அஞ்சலட்டையை அச்சக உரிமையாளர் தங்கப்பழம் அண்ணாச்சியின் மேசையில் வைத்தபோது டீச்சரும் அங்கே இருந்தார்.

அண்ணாச்சி இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாரெல்லாம் பாத்திருக்கா?"

"நான் மட்டுந்தான், அண்ணாச்சி."

"சரி. திருத்தின பதிப்புன்னு ஒண்ணு அடிப்போம். அந்த வரியச் சேத்து, அழகா. பழைய தாளப் பத்தி வாயத் திறக்க வேண்டாம்."

"அப்பம் பழைய தாளு?"

"அது தானா போயிரும்."

"போகாது அண்ணாச்சி. சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்க. ரெண்டு தாளும் கையில இருந்தா எது சரின்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? முதல் தாளு தப்பு, கோடு போட்டு அடிச்சிருங்கன்னு சொல்லணும். தப்பு எங்களுதுன்னு சொல்லணும்."

அண்ணாச்சி எழுந்து கதவைச் சாத்தினார். "ஏம்மா செண்பகம், போன வருசம் வடக்க ஒரு அச்சகத்த வச்சுக் கொளுத்துனாங்களே, எதுக்கு? ஒரு தாளுல தப்பு வந்துச்சுன்னு வதந்தி. வெறும் வதந்தி. இங்க மூணு புள்ளைக செத்திருக்கு. நம்ம தாள நம்பலன்னா சனம் எங்க போகும்? மறுபடியும் அந்தக் கம்ப்யூட்டர்த் திரையப் பாக்கும். இல்லன்னா மந்திரிக்கிறவன்ட்ட போகும். நாம காப்பாத்தினது எத்தன உசுரு, அதையும் யோசி."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று செண்பகவல்லிக்குத் தெரியும்.

மரியதங்கம்தான் பேசினார். "அண்ணாச்சி, ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவுல அச்சு வந்தப்ப என்ன ஆச்சு தெரியுமா? கையால எழுதுன காலத்துல ஒரு தப்பு ஒரு புத்தகத்தோட போச்சு. அச்சு வந்ததும் ஒரே தப்பு ஒரே நாள்ல ஆயிரம் புத்தகத்துல ஏறிருச்சு. மொதல்ல அவங்களும் மறைக்கத்தான் பாத்தாங்க. அப்புறம் புத்தகத்துலயே பிழைப் பட்டியல் போட்டாங்க, 'படிக்கிறவரே, பேனாவ எடுத்துத் திருத்திக்கோங்க'ன்னு. செடிகளப் பத்திப் படம் போட்டுப் புத்தகம் வந்துச்சு. ஊர் ஊரா இருந்து கடிதம் வந்துச்சு, எங்க ஊர்ல இந்த இலை இப்பிடி இல்லன்னு. அடுத்த பதிப்புல அதையும் சேத்தாங்க. தப்பே பண்ணலங்கிறதால ஒண்ணும் சனம் அவங்கள நம்பல. தப்ப ஒத்துக்கிட்டதாலதான்."

"அது புத்தகம் டீச்சர். இது புள்ளைக."

"அங்கயும் மருந்துப் புத்தகம் இருந்துச்சு."

பக்கத்து அறையில் எந்திரம் யாரோ ஒருவருடைய விதைக் குறிப்பை அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணாச்சி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். 'சென்ற தாளில் ஒரு வரி விடுபட்டது. அதனால் உயிர்கள் போயின. பிழை எங்களுடையது' என்று எழுதினார். "உன் பேரு வேண்டாம். என் பேரப் போடு."

"ரெண்டு பேரும்," என்றாள் செண்பகவல்லி.

சனிக்கிழமை விடிந்ததும் அறுபத்திரண்டு ஊருக்கும் பிழையைத் திருத்தும் 'பிழைத்தாள்' கிளம்பியது. நல்லாங்குளத்துக்கான கட்டை அவளே தன் சைக்கிளில் கட்டிக்கொண்டாள். முப்பது கிலோமீட்டர். ஐம்பத்தொரு வயதில் அது நீளமான தூரம்தான். ஆனால் மிதிக்கிற வலி அவளுக்கு வேண்டியிருந்தது. வழியில் ஒரு டீக்கடைச் சுவரில் பழைய தாளைப் பார்த்து இறங்கினாள். சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு, புதுத்தாளை மேலே ஒட்டினாள். கடைக்காரர் வந்து படித்தார்.

"அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா? நாளைக்கு என்னத்தக் கொண்டு வருவிய?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நல்லாங்குளத்தில் பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். வகுப்பறைத் தரையில் பாய்கள். வாசலில் ஒரு பெண் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிக்கொண்டிருந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பல நாள் தூங்காத முகம்.

"மாடத்தியா?"

"ஆமா."

"நான் அச்சகத்துலருந்து வாரேன். நீங்க அட்டை போட்டிருந்தீங்க." சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் பிழைத்தாளை மட்டும் நீட்டினாள்.

மாடத்தி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். ஒரு இடத்தில் அவள் கண் நின்றது. மறுபடி மேலே போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

"கால் பங்குன்னு போட்டிருக்கு."

"ஆமா. ரெண்டு சொட்டு. அந்த வரியத்தான் நான் விட்டுட்டேன். என்ன நீங்க என்ன சொன்னாலும்..."

"இது எத்தன ஊருக்குப் போயிருக்கு?"

"அறுபத்திரண்டு. இன்னைக்குக் காலையில."

மாடத்தி அப்படியே கல்படியில் உட்கார்ந்தாள். "திருப்பிக் கூப்பிட முடியுமா?"

"எதுக்கு?"

அவள் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தாள். நடுப்பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வந்தது.

"மொத மூணு புள்ளைகளுக்கும் எட்டு. தாளுல உள்ளபடி. மூணும் போயிட்டு. காய்ச்சல்ல போனா உடம்பு கொதிச்சுப் போவும். இது அப்பிடி இல்ல, சில்லுன்னு, நாடி கொறஞ்சு கொறஞ்சு. மருந்துதான்னு தெரிஞ்சுபோச்சு. ஒங்களுக்கு அட்டை போட்டேன். ஆனா பதில் வர்ற வரைக்கும் இருக்க முடியாதுல்லா? மருந்து குடுக்கலன்னா நாலே நாள்ல காய்ச்சல் கொண்டு போயிரும். அதனால நாலாக் கொறச்சேன். தெக்குத் தெரு இசக்கியம்மா மக. போயிட்டா. பெறகு ரெண்டு. ரெண்டு புள்ளைகளுக்குக் குடுத்தேன். ஒண்ணு நாடி அடங்கி, எப்பிடியோ திரும்பி வந்துட்டு. இன்னொண்ணு வரல."

அவள் பக்கத்தைத் திருப்பவில்லை.

"அது எம் மவன். சுடலைமணி. நாலு வயசு."

செண்பகவல்லி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்தது ஒண்ணு. ஒரே ஒரு சொட்டு. மூணு புள்ளைகளுக்குக் குடுத்திருக்கேன். மூணும் எந்திச்சு உக்காந்துட்டு. அந்தா பாருங்க, சன்னல் பக்கத்துல."

"ஆனா டாக்டர் ரெண்டுன்னுதானே எழுதியிருக்காரு," என்றாள் செண்பகவல்லி. சொல்லும்போதே தன் குரல் கெஞ்சுவது அவளுக்குக் கேட்டது.

"அவரு எந்தப் புள்ளைக்குக் குடுத்துப் பாத்தாராம்?"

டாக்டரின் கடிதத்தின் அடியில் ஏழு சாட்சிக் கையெழுத்து இருந்தது அவளுக்கு நினைவு வந்தது. ஏழு பேரும் பார்த்தது இருபது பெரியவர்களை. குழந்தைகளைப் பற்றிய வரி, அவர் மனதில் கணக்குப் போட்டு, பரிவோடு சேர்த்தது. யாரும் பார்க்காதது. அச்சகத்தில் அதை யாரும் கேட்கவுமில்லை. வரி விடுபட்டது என்று பதறியவள், அந்த வரி எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. இப்போது அதே வரி, அவள் பெயரோடு, மன்னிப்போடு, அறுபத்திரண்டு ஊருக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறது. முப்பது கிலோமீட்டர் திரும்பி மிதித்தாலும் இனி எட்டிப் பிடிக்க முடியாது. உண்மையாகப் பேசுகிறார்கள் என்பதாலேயே இந்த முறை சனங்கள் நம்புவார்கள்.

மதியத்துக்கு ஒரு தகப்பன், ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். குழந்தை நெருப்பாகக் கொதித்தது. மாடத்தி எதையும் மறைக்கவில்லை. எட்டிலிருந்து ஒன்று வரை ஒவ்வொரு அளவிலும் என்ன ஆனது என்று சொன்னாள். அவன் செண்பகவல்லியைப் பார்த்தான்.

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"எனக்குத் தெரியலய்யா," என்றாள். "இருந்து பாக்கணும்."

ஒரு சொட்டு போட்டார்கள். செண்பகவல்லி பாயின் பக்கத்திலேயே இருந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை மாடத்தி நாடி பிடித்துச் சொல்ல, அவள் நோட்டில் எழுதினாள். மறுநாள் காலை பத்து மணிக்குக் குழந்தை கண்ணைத் திறந்து, அப்பனின் மீசையைப் பிடித்து இழுத்தது. அவன் சத்தம் போட்டு அழுதான்.

"நாலாச்சு," என்றாள் மாடத்தி. "போதுமா?"

போதாது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் காத்திருக்க முடியாது.

செண்பகவல்லி படியில் உட்கார்ந்து இரண்டாவது பிழைத்தாளை எழுதத் தொடங்கினாள். 'குழந்தைகளுக்கு ஒரு சொட்டு மட்டும். நல்லாங்குளத்தில் நான்கு குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது.' எழுதிவிட்டு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் மாடத்தி. "நாலும் ரெண்டும் போடலையே?"

"அது வேண்டாம்மா."

"ஏன்?"

"போட்டா, நீங்க புள்ளைகளுக்குக் குடுத்துக் குடுத்துப் பாத்தீங்கன்னு ஆயிரும். அந்த இசக்கியம்மாவுக்குத் தெரியுமா, தன் மகளுக்கு நாலு சொட்டு போட்டது?"

மாடத்தி தரையைப் பார்த்தாள். "காய்ச்சல்ல போச்சுன்னு நெனச்சிட்டு இருக்கா. நான் சொல்லல."

"ஊர் உங்கள விடாது. உங்கள மட்டுமில்ல, இருக்கிற மத்த நர்சு எல்லாரையும் அடிப்பாங்க. ஒரு சொட்டுன்னு மட்டும் போடுவோம். அதுதானே வேணும்?"

"சும்மா ஒரு சொட்டுன்னு போட்டா எவன் நம்புவான், அக்கா? டாக்டரு ரெண்டுங்காரு. நர்சு ஒண்ணுங்கா. நேத்து நீங்களே ரெண்டுன்னு அச்சடிச்சிருக்கீங்க. ரெண்டு குடுத்தா என்ன ஆச்சுன்னு எழுதுனாத்தான கைய இழுப்பாங்க?"

செண்பகவல்லி பேனாவை மூடினாள். திறந்தாள். தன் மகனைக் கொன்ற அளவை ஊருக்குச் சொல்லும்படி ஒரு தாய் கேட்கிறாள். அதைத் தடுப்பது இரக்கமா, இல்லை அண்ணாச்சி அன்றைக்குச் சொன்ன அதே மூடி மறைப்பா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் இந்த நேரத்தில் எங்கோ ஒரு வீட்டில், புதுத்தாளை நம்பி, ஒருத்தி இரண்டாவது சொட்டைப் பிழிந்துகொண்டிருப்பாள். அதை நினைத்ததும் கை தானாக எழுதியது.

'எட்டுச் சொட்டு கொடுத்த மூன்று குழந்தைகள் இறந்தனர். நான்கு சொட்டு கொடுத்த ஒரு பெண் குழந்தை, வயது இரண்டு, இறந்தது. இரண்டு சொட்டு கொடுத்த இருவரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன்...'

"எம் மவன்னு போடுங்க," என்றாள் மாடத்தி.

செண்பகவல்லி 'நான்கு வயதுச் சிறுவன் ஒருவன்' என்பதை அடித்துவிட்டு, 'என் மகன் சுடலைமணி, வயது நான்கு' என்று எழுதினாள். அடியில் மாடத்தி கையெழுத்துப் போட்டாள். குழந்தையின் தகப்பன் சாட்சி போட்டான். செண்பகவல்லியும் சாட்சி போட்டாள்.

அச்சகத்தில் இந்த முறை யாரும் வாதாடவில்லை. அண்ணாச்சி தாளைப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். மரியதங்கம் உரக்கப் படிக்க, செண்பகவல்லி மெய்ப்புப் பார்த்தாள். 'என் மகன்' என்ற இடத்தில் டீச்சரின் குரல் நின்று, மறுபடி எழுந்தது. திங்கள் மாலை தாள்கள் கிளம்பின. சனிக்கும் திங்களுக்கும் இடையில் இரண்டு சொட்டினால் எத்தனை குழந்தைகள் போயின என்பது அப்போது தெரியவில்லை. பிறகு அஞ்சலட்டைகள் வந்தன. குழந்தைகளின் எண்ணிக்கை இருபத்து மூன்று வரை போனது. முதல் பிழைத்தாளை நம்பாத ஊர்களிலிருந்து ஒன்றும் வரவில்லை. அங்கே மருந்தே கொடுக்காமல் காய்ச்சலுக்கு எத்தனை குழந்தைகளைக் கொடுத்தார்கள் என்று எழுதவும் யாருமில்லை.

புதன்கிழமை காலை செண்பகவல்லி மறுபடி நல்லாங்குளம் போனாள். மாடத்தி அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். ஊருக்குள் தாள் போகும் முன்னால், இசக்கியம்மா வீட்டுக்கு மாடத்தியே கொண்டுபோக வேண்டும். கூட வர ஒரு ஆள் வேண்டும்.

தெற்குத் தெருவில் கடைசி வீடு. இசக்கியம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மாடத்தியைக் கண்டதும் சிரித்தபடி எழுந்தாள்.

"வா தாயி. ஒம் புள்ள போனதுக்கு நான் வந்து உக்காரக்கூட முடியல. எனக்கே..."

மாடத்தி தாளை நீட்டினாள். கை நீண்டபடியே நின்றது.

இசக்கியம்மாவுக்குப் படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டி, உதடசைத்து, மெதுவாகப் படித்தாள். பாதியில் உதடு நின்றது. கண் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரைக்கும் படித்தாள். பிறகு மேலே போய் ஒரு வரியில் விரல் வைத்தாள். முறத்திலிருந்த உளுந்து சரிந்து தரையில் கொட்டியது. யாரும் குனியவில்லை.

மாடத்தி காலில் விழுவதுபோல மடங்கினாள். இசக்கியம்மா அவளைத் தூக்கவுமில்லை, தள்ளவுமில்லை. அவள் இருந்த பக்கமே பார்க்கவில்லை. செண்பகவல்லியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்கதான் அச்சடிக்கிறவங்களா?"

"ஆமாம்மா."

"தப்பாப் போட்டிருக்கீங்க."

செண்பகவல்லி குனிந்து தாளைப் பார்த்தாள். "என்னதும்மா?"

"ரெண்டு வயசுன்னு போட்டிருக்கு. ரெண்டு ஆகல. வர்ற மாசிக்குத்தான் ரெண்டு." விரல் அந்த வரியிலேயே இருந்தது. "அவ புள்ளைக்குப் பேரு போட்டிருக்கு. இங்க பொண் கொழந்தைன்னு மட்டும் போட்டிருக்கு. எம் மவளுக்குப் பேரு இருக்கு."

செண்பகவல்லி பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தாள். தாளைத் தன் முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா," என்றாள்.